ஹோம் தியேட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட சப்வூஃபர்: வைப்பது, இணைப்பது, ஒத்திசைப்பது

சோபாவின் ஒரு ஓரத்தில் உட்காருபவருக்கு வெடிச்சத்தம் வயிற்றில் இடிக்கிறது. மறு ஓரத்தில் இருப்பவருக்கோ அதே காட்சியில் ஒரு தட்டல் சத்தம் மட்டுமே வருகிறது. இன்னும் பெரிய சப்வூஃபராக (ஆழ்ந்த பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) வாங்கி மாட்டினாலும் இது தீராது. கோளாறு பெட்டியில் இல்லை, அறையில் இருக்கிறது. இரண்டாவது, நான்காவது சப்வூஃபரைச் சேர்ப்பதன் முதல் பயன் இங்கேதான்: எல்லா இருக்கைக்கும் ஏறத்தாழ ஒரே பேஸ் போய்ச் சேரும். சத்தம் கூடுவது அதற்கு அடுத்ததுதான்.

ஆனால் இரண்டை வாங்கி இடம் கிடைத்த மூலைகளில் வைத்துவிட்டால், ஒன்று இருந்தபோது கேட்டதைவிட மோசமாகக் கேட்க நிறைய வாய்ப்பு உண்டு. வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் இடம், பிறகு லெவல் (ஒலி அளவு), பிறகு நேரம், கடைசியில் ஈக்யூ, அதாவது எந்த அதிர்வெண்ணை ஏற்றுவது, எதை இறக்குவது என்ற திருத்தம். இதை மாற்றிச் செய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

அறை என்ன செய்கிறது

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4.3 மீட்டர், 30 ஹெர்ட்ஸுக்கு 11 மீட்டருக்கு மேல். வீட்டு அறையின் அளவும் இதற்குப் பக்கத்தில்தான். எனவே எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சில இடங்களில் அழுத்தத்தை ஏற்றுகின்றன, சில இடங்களில் அடியோடு அழிக்கின்றன. இதைத்தான் அறை மோடு என்கிறோம்.

கணக்கு எளிது. இரு சுவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தை இரண்டால் பெருக்கி, 343-ஐ அதனால் வகுத்தால் முதல் மோடின் அதிர்வெண் கிடைக்கும். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரமுள்ள அறையில் நீளவாக்கில் 28.6 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 42.9, உயரவாக்கில் சுமார் 61. நீளத்தின் இரண்டாவது மோடு 57-இலும் அகலத்தினுடையது 86-இலும் வரும். உங்கள் அறைக்கும் இதைப் போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் அளவீட்டு வரைபடத்தில் மேடு பள்ளம் தெரியும்போது, எது எந்தச் சுவரால் வருகிறது என்று உடனே பிடிபடும்.

முதல் மோடின் அழுத்தம் இரு சுவரோரங்களிலும் உச்சமாக இருக்கும், நடுவில் பூஜ்ஜியம். இரண்டாவது மோடுக்கு இரு ஓரங்களிலும் நடுவிலும் உச்சம், கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் பூஜ்ஜியம். முதல் மோடில் ஒரு சுவரருகே அழுத்தம் ஏறும்போது எதிர்ச்சுவரருகே இறங்குகிறது. அதனால் இரு சுவர்களிலும் ஆளுக்கொரு சப் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் உள்நோக்கித் தள்ளவைத்தால், ஒன்று எழுப்பும் மோடை மற்றது அமுக்கிவிடும். ஊஞ்சலை இருபுறமிருந்தும் இருவர் ஒரே நேரத்தில் உள்நோக்கித் தள்ளுவது போலத்தான் இது. அதேபோல், ஒரு மோடின் பூஜ்ஜியப் புள்ளியில் வைத்த சப்பால் அந்த மோடை எழுப்பவே முடியாது. இந்த இரண்டும்தான் இனி வரும் எல்லா இட அமைப்புக்கும் அடிப்படை.

எத்தனை, எந்த வகை

ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதில்தான் பெரிய முன்னேற்றம். இரண்டிலிருந்து நான்குக்குப் போனால் இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் சீர்மையில் கிடைப்பது சொற்பம். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, செவ்வக அறைகளில் பலவிதமான எண்ணிக்கையையும் இடங்களையும் ஒப்பிட்டு, நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைப்பது மிகச் சீரானது, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைப்பது அதற்கு வெகு அருகில் வருகிறது என்று காட்டியது. புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை இரண்டு. அந்த விலையில் ஒரே ஒரு பெரிய சப் வாங்குவதைவிட, நடுத்தர அளவில் ஒரே மாதிரி இரண்டு வாங்குவதே பெரும்பாலான அறைகளுக்கு நல்லது.

ஒரே மாதிரி என்பதை அழுத்திச் சொல்கிறோம். மூடிய பெட்டி சப், தன் கீழ் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல் வீதம் இறங்கும். போர்ட் (பெட்டியில் காற்று போய்வரும் துளை) வைத்த சப் 24 டெசிபல் வீதம் சரியும், போர்ட்டின் டியூனிங் அதிர்வெண்ணை ஒட்டி அதன் ஃபேஸ், அதாவது அலையின் ஏற்ற இறக்க நிலை, வேகமாகச் சுழலும். இரண்டையும் கலந்தால் அந்தப் பகுதியில் ஒன்றை ஒன்று அழிக்கும், ஒரே ஒரு டிலே (தாமதம்) எண்ணால் அதைச் சரிசெய்ய முடியாது. ஏற்கெனவே ஒரு போர்ட் சப் வைத்திருந்தால், இன்னொரு போர்ட் சப்பையே தேடுங்கள். அதே மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது.

இணைப்பு

படத்தின் ஒலித்தடத்தில் எல்.எஃப்.இ. சேனல், அதாவது ஆழ்ந்த பேஸ் விளைவுகளுக்கான தனித்தடம், ஒன்றுதான். 7.2 என்று ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவி) பெட்டியில் போட்டிருப்பது சப்வூஃபர் வெளியீடு இரண்டு என்பதைச் சொல்கிறது, ஸ்டீரியோ பேஸை அல்ல. பல ரிசீவர்களில் இரண்டு துளைகளிலும் ஒரே சிக்னல்தான் வரும். உங்களுடையது இரண்டுக்கும் தனித்தனி லெவலும் தூரமும் அமைக்க விடுகிறதா என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஆடிஸி என்ற தானியங்கி அறைத் திருத்தத்தின் சப் ஈக்யூ ஹெச்.டி. உள்ள ரிசீவர்கள் இரண்டு சப்பையும் தனித்தனியே அளந்து லெவலும் டிலேயும் சரிசெய்து, பிறகு இரண்டுக்கும் சேர்த்து ஈக்யூ போடும்.

தனி அமைப்பு இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஒரு வெளியீட்டிலிருந்து ஒய் கேபிள் போட்டு இரண்டு சப்புக்குப் பிரித்தாலும் வேலை நடக்கும், சிக்னல் கெடாது. ஆனால் தனித்தனி டிலே வேண்டுமென்றால் நடுவில் ஒரு டி.எஸ்.பி. (டிஜிட்டல் சிக்னல் பிராசசர்) பெட்டி தேவை. மினிடிஎஸ்பி 2 க்கு 4 ஹெச்.டி. இதற்குப் பலரும் பயன்படுத்துவது. ஒரு உள்ளீட்டை நான்கு வெளியீடாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி கெயின் (சிக்னல் பலம்), டிலே, ஃபில்டர் கொடுக்கலாம்.

எல்லா சப்பின் பின்பக்கத்திலும் தொடக்க நிலை ஒன்றாக இருக்கட்டும்: லோ பாஸ் குமிழ் (அதன் எண்ணுக்கு மேலுள்ள ஒலியை வெட்டுவது) எல்.எஃப்.இ. நிலையில், அது இல்லையென்றால் உச்சத்தில். ஃபேஸ் 0. உள்ளே சினிமா, மியூசிக் என்று ஈக்யூ பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். அளவெடுத்து முடியும்வரை ஆட்டோ ஸ்டேண்ட்பை வேண்டாம், பவர் ஆன் நிலையில் வையுங்கள். லோ பாஸ் குமிழை 80-இல் விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. ரிசீவரும் 80-இல் வெட்டுகிறது, சப்பும் அங்கேயே வெட்டுகிறது, இரண்டும் சேர்ந்து, ஸ்பீக்கரிலிருந்து சப்புக்கு ஒலி கைமாறும் கிராஸ்ஓவரில் ஒரு பள்ளம் தோண்டிவிடும்.

ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மால் (பேஸை சப்புக்கு அனுப்பும் நிலை) என்று வையுங்கள், கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ், எல்.எஃப்.இ. லோ பாஸ் 120. எல்.எஃப்.இ. பிளஸ் மெயின் என்ற தேர்வு வேண்டாம். அது முன் ஸ்பீக்கர்களையும் அதே பேஸில் இறக்கி, நீங்கள் கட்டுப்படுத்த முடியாத மேலும் இரண்டு பேஸ் மூலங்களை அறைக்குள் கொண்டுவரும்.

இடம்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பின்னால் எந்த மென்பொருளாலும் ஈடுகட்ட முடியாதது இது.

இரண்டு சப் என்றால் முதலில் முயல வேண்டியது முன்சுவரின் நடுவும் பின்சுவரின் நடுவும். நமது 6 க்கு 4 அறையில், நீளத்தின் 28.6 ஹெர்ட்ஸ் மோடை இரண்டும் சேர்ந்து அமுக்குகின்றன. இரண்டும் அகலத்தின் நடுவில் இருப்பதால் 42.9 மோடு எழவே எழாது. அகலத்தின் இரண்டாவது மோடு 86-இல் இருப்பதால், கிராஸ்ஓவர் 80 என்றால் அது சப்பை அதிகம் தொடாது. நீள, அகல மோடுகளில் மிஞ்சும் தொல்லை 57 மட்டும். அது மேடாகத்தான் வரும், மேட்டை ஈக்யூவால் வெட்டலாம். கால், முக்கால் தூரத்தில் சோபாவைப் போடாமல் இருந்தால் போதும்.

நடுவில் டிவி ஸ்டாண்டு நிற்கிறது, பின்னால் கதவு இருக்கிறது என்றால் இடதுசுவர் நடு, வலதுசுவர் நடு என்று மாற்றிப் பாருங்கள். அதுவும் முடியாதபோது முன்சுவரிலேயே அகலத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் வையுங்கள், 4 மீட்டர் சுவரில் 1 மீட்டரும் 3 மீட்டரும். அகலத்தின் முதல் மோடு இரண்டுக்கும் நடுவே அழியும், இரண்டாவதன் பூஜ்ஜியத்தில் இரண்டு சப்பும் நிற்கும். ஒரே வரிசை சோபாவில் பக்கத்துக்குப் பக்கம் நல்ல சீர்மை கிடைக்கும். ஆனால் நீளவாக்கு மோடுகள் அப்படியே இருக்கும், எனவே இரண்டு வரிசை இருக்கை உள்ள அறைக்கு இது பற்றாது. முன்மூலைகள் இரண்டிலும் வைப்பது பலர் செய்வது, பார்க்கவும் அழகு. சத்தம் அதிகம் கிடைக்கும், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வித்தியாசம் மட்டும் குறையாது.

நான்கு சப் என்றால் நான்கு சுவர் நடு, அல்லது நான்கு மூலை. சுவர் நடு அமைப்பில் நீளம், அகலம் இரண்டின் இரண்டாவது மோடுகளும்கூட அழிகின்றன. முன்னும் பின்னும் உள்ளவை எழுப்புவதைப் பக்கச் சுவரில் உள்ளவை அமுக்கும். மூலைகளில் அது நடக்காது, ஆனால் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடைக்கும் பலம் அதிகம். சிறிய சப்கள் நான்கு வைத்திருப்பவருக்கு மூலையும், பலத்துக்குக் குறைவில்லாதவருக்குச் சுவர் நடுவும் பொருந்தும்.

எல் வடிவ அறை, ஒருபக்கம் திறந்த கூடம் என்றால் மேலே சொன்ன சமச்சீர்க் கணக்கு எதுவும் நேராக நிற்காது. ஒன்றை முன்மூலையில், மற்றதைப் பக்கச் சுவரில், மூன்றாவது இருந்தால் பின்பக்கம் என்று வெவ்வேறு இடங்களில் பிரித்து வைத்து, அளவெடுத்து முடிவு செய்யுங்கள். சுவர் ஒரே மாதிரி இல்லாத இடத்தில் அளவீடுதான் பேசும்.

இருக்கையும் இதில் ஒரு பங்கு. பின்சுவரில் தலை இடிக்கும்படி உட்கார்ந்தால் எல்லா நீள மோடும் உச்சத்தில் கேட்கும், இரைச்சலும் அதிகம். முடிந்தால் சோபாவை முன்சுவரிலிருந்து அறை நீளத்தின் 60 முதல் 66 சதவீதத்தில் போடுங்கள்.

லெவல் சமன்

ஒரே மாடல் சப்கள் என்றால், சப்பின் அதிரும் கூம்பிலிருந்து ஒரே தூரத்தில், சுமார் 30 சென்டிமீட்டரில், மைக்கை வைத்து ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எல்லாம் அரை டெசிபலுக்குள் ஒத்துப்போகும்படி சப்பின் வால்யூம் குமிழைத் திருப்புங்கள். குமிழின் கோடுகளை நம்பாதீர்கள், ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டில்கூட 12 மணி நிலை ஒன்றாக இருக்காது. இருக்கையில் வைத்துச் சமன் செய்தால், தூரத்துச் சப் பக்கத்துச் சப்பைவிட அதிகம் உழைக்கும், சத்தம் கூட்டும்போது முதலில் அதுதான் திணறும்.

அளவீடு

தேவையானவை மூன்று: யூமிக்-1 போன்ற யூ.எஸ்.பி. மைக், அதன் தொடர் எண்ணுக்குரிய கேலிப்ரேஷன் (மைக்கின் பிழையைத் திருத்தும்) கோப்பு, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள். கூடவே ஒரு கேமரா ஸ்டாண்டு. கைபேசி மைக் போதாது, பல கைபேசிகளில் கீழ் அதிர்வெண் வெட்டப்பட்டிருக்கும்.

மைக்கைக் காது உயரத்தில், முதுகுச் சாய்மானத்திலிருந்து சற்று முன்தள்ளி நிறுத்துங்கள். குறைந்தது மூன்று இருக்கைகள்: நடு, இரு ஓரம். 15 முதல் 200 ஹெர்ட்ஸ்வரை ஏறிப்போகும் சோதனை ஒலி (ஸ்வீப்), சுமார் 75 டெசிபலில். முதல் ஸ்வீப்பைத் தாழ்ந்த லெவலில் ஓட்டிப் பாருங்கள், போர்ட் சப்பை டியூனிங்குக்குக் கீழே அதிக லெவலில் ஓட்டினால் கூம்பு எல்லைமீறி அடித்துக்கொள்ளும். யூ.எஸ்.பி. மைக் என்பதால் மென்பொருளில் அகூஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸை இயக்கி, ஒரு முன் ஸ்பீக்கரை அதற்குக் கொடுங்கள். ஒவ்வொரு ஸ்வீப்புக்கு முன்னும் அந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு கீச்சொலி வரும், எல்லா அளவீட்டின் நேரத்தையும் அது ஒரே தொடக்கத்தோடு கட்டிவைக்கும். இதை மறந்தால் இரண்டு சப்பின் நேரத்தையும் ஒப்பிட முடியாது.

ஒவ்வொரு இருக்கையிலும் சப் ஒன்று தனியாக, சப் இரண்டு தனியாக, பிறகு இரண்டும் சேர்ந்து. மூன்று கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். சேர்ந்த கோடு, தனிக்கோடு இரண்டுக்கும் மேலே ஓட வேண்டும். முழுதாகக் கூடும் இடத்தில் 6 டெசிபல்வரை ஏறும். அமுக்க வேண்டிய மோடுகள் தவிர எங்காவது தனிக்கோட்டுக்குக் கீழே இறங்கினால், அங்கே இரண்டும் சண்டையிடுகின்றன.

நேர ஒத்திசைவு

முன்சப் இருக்கையிலிருந்து 3 மீட்டர், பின்சப் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.5 மீட்டர் வித்தியாசம் என்றால் 4.4 மில்லி செகண்ட். 30 ஹெர்ட்ஸில் அது 47 பாகைதான், அங்கே இரண்டும் நன்றாகவே கூடும். 80 ஹெர்ட்ஸில் அதே தாமதம் 126 பாகை ஆகிவிடுகிறது, கூட வேண்டியவை அழிக்கத் தொடங்குகின்றன. இரண்டு சப் வைத்தவர் அடிவயிற்றில் பேஸ் இருக்கிறது, ஆனால் டிரம் அடியில் அடி இல்லை என்று சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பக்கத்தில் உள்ள சப்புக்கு டிலே கொடுக்க வேண்டும், மீட்டருக்கு 2.9 மில்லி செகண்ட் கணக்கில். அங்கிருந்து அரை அரை மில்லி செகண்டாக நகர்த்தி, சேர்ந்த கோடு 20 முதல் 100 ஹெர்ட்ஸ்வரை எங்கே மேலே ஓடுகிறது என்று பாருங்கள். ஃபேஸ் பொத்தானின் 180 நிலையையும் ஒருமுறை சோதியுங்கள். ஆனால் அது துருவத்தைப் புரட்டுகிறதே தவிர நேரத்தை நகர்த்துவதில்லை.

ஒரு முரண் இங்கே உண்டு. சுவர் நடுவில் எதிரெதிராக வைத்த அமைப்பு மோடை அமுக்குவது, இரண்டும் ஒரே நேரத்தில் தள்ளுவதால்தான். ஒன்றுக்கு டிலே கொடுத்தால் நடு இருக்கையில் கூட்டல் நன்றாகும், அமுக்கல் சற்றுத் தளரும். ஆகவே டிலே இல்லாமல் ஒரு தொகுப்பு, டிலேயோடு ஒரு தொகுப்பு என்று மூன்று இருக்கையிலும் அளந்து, எதில் மூன்று கோடுகளும் ஒன்றோடொன்று நெருங்கி ஓடுகின்றனவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கோடு மேடும் பள்ளமுமாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றிலும் ஒரே மேடு என்றால் ஈக்யூ அதை ஒரே வெட்டில் சமன் செய்யும். ஓர் இருக்கையில் மேடு, அடுத்ததில் பள்ளம் என்றால் எந்த ஈக்யூவும் உதவாது.

மூன்று, நான்கு சப் இருக்கும்போது இதைக் கையால் செய்வது அலுப்பான வேலை. மல்ட்டி சப் ஆப்டிமைசர் என்ற இலவச விண்டோஸ் மென்பொருளுக்கு, ஒவ்வொரு சப்பின் ஒவ்வொரு இருக்கை அளவீட்டையும் ஏற்றுமதி செய்து கொடுத்தால், கெயின், டிலே, ஃபில்டர் எண்களைக் கணக்கிட்டுத் தரும். அவற்றை டி.எஸ்.பி. பெட்டியில் போட்டால் போதும்.

ஈக்யூவும் ரிசீவரின் அறைத் திருத்தமும்

ஒத்திசைத்த சப்களை இனி ஒரே சப்பாக நினைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான ஈக்யூ போடுங்கள். மேடுகளை வெட்டுங்கள், குறுகிய பள்ளங்களை விட்டுவிடுங்கள். ஒரு பள்ளத்தை 10 டெசிபல் தூக்க 10 மடங்கு வாட் வேண்டும். அது அலைகள் அழிவதால் வந்த பள்ளம் என்றால் அவ்வளவு கொடுத்தும் நிரம்பாது.

அதன் பிறகே ஆடிஸி, டிராக் லைவ் போன்ற அறைத் திருத்தங்களை ஓட்டவேண்டும். டி.எஸ்.பி. பெட்டியில் ஒத்திசைத்திருந்தால் ரிசீவரிடம் சப் ஒன்று என்றே சொல்லுங்கள். டிராக் லைவ் பேஸ் கன்ட்ரோல் பல சப் உரிமத்தோடு இருந்தால், டிலேயைத் தனியே செய்யாமல் அதனிடமே விட்டுவிடலாம்.

முடிந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள். சப் டிரிம் (ரிசீவரில் உள்ள சப் லெவல்) மைனஸ் 12-இல் நின்றால் அது பல ரிசீவர்களின் அடிமட்ட எல்லை, உண்மையில் இன்னும் குறைக்க முடியாமல் அங்கே நின்றிருக்கலாம். எல்லா சப்பின் குமிழையும் ஒரே அளவு இறக்கி மறுபடி ஓட்டுங்கள். இன்னொன்று தூரம்: 3 மீட்டரில் இருக்கும் சப்பை 4.5 மீட்டர் என்று காட்டினால் திருத்தாதீர்கள். சப்பின் உள்ளே இருக்கும் டி.எஸ்.பி., ஃபில்டர் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது.

கடைசி ஒத்திசைவு சப்புக்கும் முன் ஸ்பீக்கர்களுக்கும் இடையே. சென்டர் ஸ்பீக்கரையும் சப்பையும் சேர்த்து 40 முதல் 160 ஹெர்ட்ஸ்வரை அளந்து, 80-ஐ ஒட்டிப் பள்ளம் இருந்தால் ரிசீவரில் சப் தூரத்தை 30 சென்டிமீட்டர் படிகளில் மாற்றி, பள்ளம் நிரம்பும் எண்ணில் நிறுத்துங்கள். சப் இரண்டுக்கும் தனித் தூரம் இருந்தால் இரண்டையும் ஒரே அளவு நகர்த்த வேண்டும், இல்லையென்றால் முன்பு செய்த வேலை கலைந்துவிடும். தட்டையான கோடு பலருக்குச் சப்பென்று கேட்கும். 80-இலிருந்து 25 ஹெர்ட்ஸுக்குள் 4 முதல் 6 டெசிபல் மெல்ல ஏறும்படி விடுவது காதுக்கு இதமானது.

அடிக்கடி வரும் தொல்லைகள்

உறுமல் சத்தம்: இரண்டாவது சப்பை மாட்டியதும் இடைவிடாத உறுமல் வந்தால் எர்த் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் கேபிள் வழியே வளையமாகிவிட்டன. ரிசீவரும் எல்லா சப்பும் ஒரே மின்சுற்றில் இருக்கும்படி மாற்றிப் பாருங்கள். தீராவிட்டால் சிக்னல் கேபிளில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், 20 ஹெர்ட்ஸ்வரை இறங்கும் தரமானதாக. பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

பின்சப் இருக்குமிடம் காதுக்குத் தெரிவது: கிராஸ்ஓவர் 120-இல் இருக்கிறதா பாருங்கள், 80-க்கு இறக்குங்கள். அப்படியும் தெரிந்தால் போர்ட்டில் காற்றுச் சீறுகிறதா, பக்கத்து அலமாரிக் கண்ணாடி அதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். பேஸ் எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது, கூடவரும் கடகடப்பைக் கண்டுபிடித்துவிடும். ரூம் ஈக்யூ விசார்டின் சிக்னல் ஜெனரேட்டரில் சைன் ஒலியை 20-இலிருந்து 100 ஹெர்ட்ஸ்வரை மெதுவாக நகர்த்தியபடி அறையைச் சுற்றி நடந்தால், எந்தப் படச்சட்டம், எந்தக் கதவுத் தாழ்ப்பாள் எந்த எண்ணில் அதிர்கிறது என்பது ஒவ்வொன்றாகத் தெரியும். அதிரும் இடத்தில் ஒரு ரப்பர் துண்டு வைத்தால் அடங்கும்.

ஒரு சப் மட்டும் தூங்கிவிடுவது: அளவெடுப்பு முடிந்து ஆட்டோ ஸ்டேண்ட்பையை மறுபடி இயக்கியபின், மெல்லிய காட்சிகளில் ஒன்று விழித்து மற்றது விழிக்காமல் போகலாம். ரிசீவர் டிரிம் மைனஸில் ஆழமாக இருந்தால் இது அதிகம் நடக்கும், சப்புக்குப் போகும் சிக்னல் அதை எழுப்பப் போதாது. எல்லா சப்பின் குமிழையும் 3 டெசிபல் இறக்கி, ரிசீவர் டிரிம்மை 3 டெசிபல் ஏற்றினால் மொத்தச் சத்தம் மாறாது, சப்பும் நேரத்தில் விழிக்கும்.